1140-இல் யார் மூப்பு?

பாறசாலை
2025 மே 12

மதிப்புக்குரிய நீலகண்டன் அத்தான் அவர்களுக்கு, உங்கள் தங்கை ஸ்ரீகலாவின் கணவன் தாணு பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்களும் மகள் ஆர்யாவும் சுகம். தென்காசியில் நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்க மகாதேவர் துணை. போனில் உங்களுக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. இந்த விஷயத்தை நான் கத்திச் சொல்லவும் முடியாது. ஆகவே கடிதம்.

இந்த மாதக் கடைசியில் என் அறுபதாம் கல்யாணம் அல்லவா? அழைப்பிதழ் அடிக்க இரண்டு பேருடைய பிறந்த தேதியும் வேண்டும் என்றாள் ஆர்யா. ஆதாரில் இருப்பது பள்ளிக்கூடத்து வாத்தியார் மனதில் தோன்றியபடி போட்ட தேதி என்பதால் ஜாதகங்களை எடுத்துக் கொடுத்தேன். இரண்டிலும் கொல்லம் ஆண்டுக் கணக்குதான். நான் 1140 வைகாசி 16. அவள் அதே 1140, ஆவணி 5. வைகாசி கழிந்துதானே ஆவணி, ஆகவே நான் மூன்று மாதம் மூப்பு என்று முப்பத்துநாலு வருடமாக நம்பி, அந்த மூன்று மாதத்து அறிவை வைத்துத்தான் வீட்டில் எல்லா முடிவும் எடுத்து வந்தேன். ஆர்யா போனில் தட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

“அப்பா, கொல்லம் ஆண்டு ஆவணியிலயாக்கும் தொடங்குது. அம்மை 1964 ஆகஸ்டு. நீங்க 1965 மே. அம்மைக்கு ஒம்பது மாசமும் பத்து நாளும் மூப்பு உண்டு. ஒரு பிள்ளய பெத்தெடுக்குத காலம்!”

ஆவணியில் ஆண்டு பிறப்பது எனக்கும் தெரியும் அத்தான், வருடந்தோறும் நான்தான் காலண்டர் மாட்டுகிறேன். ஆனால் நான் பிறந்த ஆண்டுக்கும் அது செல்லும் என்று ஒருநாளும் தோன்றவில்லை. நெய்யாற்றின்கரைக்குப் போய் ஒரு ஜோசியரிடம் காட்டினேன், அவரும் பஞ்சாங்கத்தைப் புரட்டிவிட்டு மகள் சொன்னதையே சொன்னார். திரும்பி வரும் வழியில் பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் நானே கணக்குப் போட்டேன், முதல் தடவை எனக்கு வயது நாற்பத்தொன்பது என்று வந்தது, அடுத்த தடவை என் அம்மைக்குக் கல்யாணம் ஆகும் முன்பே நான் பிறந்திருந்தேன், அதற்குள் இறங்க வேண்டிய இடமும் தாண்டிவிட்டது. நடந்து வீடு வந்தால் ஸ்ரீகலா பலாச்சக்கைச் சுளையிலிருந்து கொட்டை எடுத்துக்கொண்டிருக்கிறாள், தலை நிமிரவில்லை.

“அறுவதாங் கல்யாணத்துல நான் உங்க காலுல விழணும் இல்லியா? மூத்தவ விழுந்தா எளையவருக்கு ஆயுசு கொறையும். வேணும்னா நீங்க விழுங்க மக்கா.”

சின்னப் பிள்ளையைக் கூப்பிடுவதுபோல் மக்கா என்றாள் அத்தான்! கட்டிய புருஷனை!

எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரிகிறது. ஜாதகம் எழுதியவர் 1141 என்பதை 1140 என்று தவறி எழுதியிருக்கலாம். அவள் பிறந்தபோது நீங்கள் எந்த வகுப்பில் படித்தீர்கள்? மூன்று என்றால் 1140, நாலு என்றால் 1141. நாலு என்று எழுதினால் நான் பிழைப்பேன். ஆனால் நீங்கள் மூன்றாம் வகுப்பில் இரண்டு வருடம் இருந்தீர்கள் என்று ஸ்ரீகலா சொல்கிறாள். அது உண்மையானால், மூன்று என்று எழுதினாலும் எந்த மூன்று என்று தெளிவாக எழுதவும்.

மதினிக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம், அவர்களாவது என்னைவிட இளையவர்கள் என்று உறுதியானால்.

இப்படிக்கு,
தாணு

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் ஸ்ரீகலா இதை வாங்கி வாசித்தாள். கல்யாணத்துக்கு ஜாதகம் பார்த்த அன்றே அவளுக்கு எல்லாம் தெரியுமாம். “பய பாவம், மூப்புன்னு நெனச்சு சந்தோசமா இருக்கட்டு, நீ ஒண்ணும் சொல்லாண்டாம்” என்று நீங்கள்தான் அவளிடம் சொன்னீர்களாம். ஆகவே எந்த வகுப்பு என்று எழுத வேண்டாம். இது இன்னும் யாருக்கெல்லாம் தெரியும் என்று மட்டும் எழுதுங்கள்.