பட்டையில் கை காட்டிய அம்மா

தனியாக ரூம் எடுத்துத் தங்கியிருப்பவர்கள் எல்லாருமே கொஞ்சம் லூசுதான். சிலர் ஒத்துக்கொள்வார்கள், சிலர் மாட்டார்கள். பல்லியோடு பேசுகிறவர்களை எனக்குத் தெரியும். கணபதி என்ற ஏரியாவில் வாடகைக்கு இருந்தபோது நான் விரல் நகம் அளவே இருந்த ஒரு படத்தோடு பேசினேன்.

அப்போது ஒரு சின்ன கேம் கம்பெனியில் எனக்குத் தற்காலிக வேலை. (கம்பெனி என்றால் லேத் பட்டறைக்கு மேலே ஒரு ஹால். கீழே இரும்பு கடைந்தால் மேலே எங்கள் டீ நடுங்கும்.) சின்னச் சின்னக் கட்டங்களாக வரையும் பழைய பாணி கேம். ஒரு சிறுமி ஓடிக்கொண்டே இருப்பாள். அவளுக்குப் பின்னால் தெரியும் ஊரை நான் வரைய வேண்டும். வானம், மலை, வீடுகள் என்று தனித்தனி அடுக்குகள். மலை மெதுவாக நகரும், வீடுகள் வேகமாக நகரும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த எல்லாருக்கும் இது தெரியும். ஒவ்வொரு அடுக்கும் ஒரே ஒரு நீளப் பட்டைதான். முடிவை ஆரம்பத்தோடு ஒட்டிவிட்டால் அதுவே திரும்பத் திரும்ப வரும்.

முதலாளி செல்வி அக்கா அப்போதே எச்சரித்தார்: "கண்ணுல படற மாதிரி எதையும் பட்டைல வெச்சுப்போடாத கண்ணு. ஒரே படந்தான் சுத்துதுன்னு கண்டுபுடிச்சிருவாங்க."

தலையை நன்றாகத்தான் ஆட்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ரூம் பெண்கள் எல்லாரும் ஊருக்குப் போய்விட்டார்கள். காலையிலிருந்து ஒரு வார்த்தை பேச ஆளில்லை. (தண்ணீர் கேன் போட வந்தவரும் போனில் பேசிக்கொண்டே போய்விட்டார்.) அழுகை வருவதுபோல் இருந்தது. கை தானாக வீடுகள் பட்டையில் தாராபுரத்து எங்கள் வீட்டை வரைந்தது. நீலக் கதவு, வாசலில் ஆரஞ்சுப் புடவையில் கை காட்டும் அம்மா. "சாப்ட்டியாம்மா?" என்று கேட்டேன். ரூமுக்கு ஆள் வந்த மாதிரி இருந்தது; அழிக்க மனசு வரவில்லை. கேமை ஓட்டினால் என் லேப்டாப் தோசைக்கல்லாகச் சுடும் என்பதால் ஓட்டிப் பார்க்காமலே அனுப்பிவிட்டேன். அவசரத்தில் அக்காவும் கவனிக்கவில்லை.

கேமை வாங்கி வெளியிட ஒரு திருப்பூர்க்காரர் பார்க்க வந்தார். அவருக்குப் பிடித்தால் என் வேலை நிரந்தரம். பிடித்துவிடும் என்ற திமிரில் அப்பா அம்மாவையும் வரச் சொல்லியிருந்தேன்.

பெரிய திரையில் சிறுமி ஓடினாள். நீலக் கதவு வந்தது, அம்மா கை காட்டினாள். எல்லாரும் புன்னகைத்தார்கள். கொஞ்சம் தள்ளி மறுபடி நீலக் கதவு, மறுபடி அம்மா. அதற்கப்புறமும் அம்மா. தெரு முழுக்க அம்மா.

"ஏனுங்க, இந்த ஊருல எல்லா ஊட்டுக்கும் ஒரே அம்மாதானுங்களா?" என்றார் திருப்பூர்க்காரர். செல்வி அக்கா என்னைப் பார்த்த பார்வையில் லேத் இல்லாமலே நான் கடையப்பட்டேன்.

பின்வரிசையிலிருந்து அப்பா எழுந்தார். "அட, நம்ம ஊடுங்க அது!"

ஹாலே சிரித்தது. அம்மா மட்டும் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"நானும் எத்தனை தடவ கைய காட்டறேன் அம்மணி. அந்தப் புள்ள ஒருக்கா நின்னு என்னன்னு கேக்க மாட்டீங்குதே?"

சிரிப்பு இன்னும் கூடியது. நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் ரூம் எடுத்ததிலிருந்து நான் ஊருக்குப் போகவே இல்லை. அம்மா போன் செய்தால் "வேலை இருக்கும்மா" என்று வைத்துவிடுவேன்.

அம்மாவை அழித்துவிட்டு அந்த இடத்தில் ஒரு புதரை நட்டேன். திருப்பூர்க்காரர் கேமை வாங்கினார், வேலையும் நிலைத்தது. எங்கள் வீட்டில் மட்டும் அந்தக் கேலி இன்னும் ஓயவில்லை. இப்போது அடிக்கடி ஊருக்குப் போகிறேன்; திரும்பக் கிளம்பும்போதெல்லாம் அப்பா வாசலில் கை காட்டுவார், ஓடிப்போய் ஜன்னலில் காட்டுவார், பிறகு மொட்டைமாடியிலிருந்து, "அடுத்த ஊடு வந்திருச்சு அம்மணி!" என்று கத்துவார். தெருவே சிரிக்கும்.

அம்மா கத்துவதில்லை. போனை எடுத்ததும், சாப்பிட்டாயா என்று கேட்பதற்கும் முன்னால், "நிக்கறயா, ஓடறயா?" என்பாள்.

"நின்னுட்டுத்தாம்மா இருக்கேன்" என்பேன், பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டே.