மயானத்தில் ஒரு லயம்

“இந்த எடத்துல யாரும் குடியிருக்க முடியாதே” என்றார் நில அளவையாளர் யோகேஸ்வரன்.

இக்னேசியஸ் தன் வீட்டு வாசலில்தான் நின்றிருந்தார். உள்ளே மனைவி ஜோசப்பின் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். டயகமத் தேயிலைத் தோட்டத்துப் பக்கம் காலையிலிருந்தே தூறல். அப்பாவும் தாத்தாவும் சொந்தமென்று ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாமல் செத்துப்போன தொழிலாளர் வரிசைவீடு அந்த லயம். இன்று வெள்ளைக்காரன் காலத்துப் பழைய வரைபடத்தோடு இடம் ஒத்துப்போனால் காணிக்கு உறுதிப் பத்திரம் கிடைக்கும்.

“படத்துல என்னங்க சேர் போட்டிருக்கு?”

“மயானம்.”

“வெள்ளைக்காரன் குடிச்சிட்டு வரைஞ்சிருப்பான் சேர்!”

“மயானத்துல கட்டுன வீட்டுக்கு உறுதி இல்ல. காலி பண்ணச் சொல்லித்தான் எழுதணும்.”

தேங்காய் துருவும் சத்தம் நின்றது. ஜோசப்பின் எட்டிப் பார்த்தாள்.

“உறுதிய வாங்குங்கன்னா, செத்துப்போன வெள்ளைக்காரன்கூட ஏன் சண்டை?”

“நெசமான மயானத்தையே காட்டுறேன், வாங்க சேர்” என்று இக்னேசியஸ் அவரை மேட்டுக்கு அழைத்துப் போனார். வழியெல்லாம் அட்டைக்கடி. மேலே பனிமூட்டத்துக்குள் சிலுவைகள் சாய்ந்து நின்றன. அளவையாளர் குடைக்குள் படத்தை விரித்தார்.

“இங்க பன்னெண்டு வீட்டு லயம்னு இருக்கே.”

“எங்க அப்பாவே இங்கதான் சேர் படுத்திருக்காரு!”

“அப்ப குடியிருப்புல பொணம் பொதைச்சிருக்கீங்க. அதையும் எழுதணும்.”

நனைந்துபோய் இருவரும் இறங்கி வந்தார்கள். விஷயத்தைக் கேட்டதும் ஜோசப்பின் தன் தலையில் அடித்துக்கொண்டாள். “ஒங்க அப்பாவுக்கு வீடு வாங்கிக் குடுத்துட்டீங்க. நமக்குக் குழி.”

இக்னேசியஸுக்கு ரோஷம் வந்தது. “இந்த லயத்துக்கு அடியில ஒத்த எலும்பு இருந்தா நானே காலி பண்றேன் சேர்! சாட்சி இருக்கு.”

அளவையாளர் அதையும் எழுதிக்கொண்டார்.

சாட்சி மாயாண்டி. முப்பது வருஷமாகத் தோட்டத்தில் சவக்குழியானாலும் கக்கூஸ் குழியானாலும் வெட்டுகிறவர் அவர்தான். மம்பட்டியோடு வந்தவர் விஷயத்தைக் கேட்டதும் பின்வாங்கினார்.

“எனக்கெதுக்குப்பா இந்த வம்பு? ஆள விடு.”

“மண்ணுக்கு அடியில என்ன இருக்குன்னு ஒங்களுக்குத்தானண்ணே தெரியும்! மாரியாத்தா மேல ஆணையா உள்ளதச் சொல்லுங்க.”

மாரியம்மன் பேரைச் சொல்லி மாயாண்டி பொய் பேசியதில்லை. தலைத்துண்டை மெல்ல அவிழ்த்தார். ஜோசப்பினின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

“படம் சரிதானுங்க சேர். மேட்டுல எந்தக் குழி வெட்டுனாலும் அம்மியும் அடுப்புக்கல்லுந்தான் வருது. இவங்க கக்கூசுக்கு வெட்டுனப்ப வந்த எலும்பத்தான், பாவம், குடியிருக்குற சனமாச்சேன்னு சொல்லாம மூடிட்டேன்.”