டவரில் போட்ட ஜன்னல்

மனைவிக்குத் தெரியாமல் ஒரே ஒரு காரியமாவது செய்துவிடுவது என்று முடிவு கட்டினேன். கல்யாணமான நாளிலிருந்து ஒரு பனியன்கூட நான் ரகசியமாக வாங்கியதில்லை. ஆண்பிள்ளைக்கு இது அழகா?

நான் கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கிறவன். ஊரார் கண்ணுக்கெல்லாம் வழி சொல்கிறவன். ஆனால் என் வீட்டுச் சமையலறைக்கு ஜன்னல் கிடையாது. அங்கே மிளகாய் தாளித்தால் என் மனைவியின் கண்ணும் மூக்கும் போட்டி போட்டுக்கொண்டு ஓடும். ஜன்னல் வைப்பதற்காக இருவருமாகச் சேர்த்த பணம் பாங்கில் இருந்தது. அதை இரண்டு மடங்காக்கி, ஜன்னலோடு புகை இழுக்கிற சிம்னியும் மாட்டி அவளை அசத்துவதுதான் என் திட்டம்.

எதில் போடுவது? கடைக்கு எதிரே ஒரு செல்போன் டவர். அதன் கீழே நடக்கிறவன், பஸ்ஸில் தொங்குகிறவன், என் நாற்காலியில் கண்ணைக் காட்ட உட்கார்ந்தவன், எல்லாரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். மனிதன் சோற்றை விட்டாலும் பேச்சை விடமாட்டான். டவர் கம்பெனி ஷேர்தான் என்று தீர்மானித்தேன். வாங்கும் பொறுப்பை, ஷேர் புரோக்கர் ஆபீசில் வேலை பார்க்கும் என் மச்சினனிடம் பணத்தோடு ஒப்படைத்தேன்.

"உங்க அக்காகிட்ட மூச்சு விடக்கூடாதுடா."

"என்னை நம்புங்க அத்தான்."

நம்பினேன்.

பணம் போட்டாயிற்று. இனி சும்மா இருக்கலாமா? நம் கம்பெனியை நாமே ஆதரிக்காவிட்டால் எப்படி? நாலு பேர் பேசினால்தானே டவருக்கு வருமானம்! எனக்குப் பேச யார் இருக்கிறார்கள்? வீட்டுக்கு ஃபோன் போட்டேன்.

"என்னங்க, கடையில ஏதாவது பிரச்சனையா?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான் கூப்பிட்டேன்."

"சும்மாவா? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். நீ என்ன பண்றே?"

"வெங்காயம் நறுக்கறேன்."

"நறுக்கு, நறுக்கு. நான் லைன்லயே இருக்கேன்."

இருந்தேன். வெங்காயம் முடிந்து பூண்டும் முடிந்தது. மறுநாள் மீண்டும் கூப்பிட்டேன். போகப்போக, கடையில் ஒரு காதுக்கு ஃபோன், ஒரு கைக்கு லென்ஸ் என்றாயிற்று.

"இப்ப தெளிவா இருக்கா?" என்று நாற்காலியில் இருப்பவரைக் கேட்பேன்.

"நேத்தைவிடத் தெளிவா கேக்குதுங்க" என்று ஃபோனில் இவள் பதில் சொல்வாள்.

மச்சினனிடம் விலை விசாரித்தால், "மெல்ல ஏறுது அத்தான், விடாமப் பேசுங்க" என்பான். நானும் விடவில்லை. அரிசி களையும்போது இவள் ஏதோ முணுமுணுவென்று பாடுவாள் என்பதும், குக்கர் விசில் அடிக்காவிட்டால் அதனோடு சண்டை போடுவாள் என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அந்தக் குரல் எனக்குப் பிடித்துப் போயிற்று. விலை கேட்க மறந்த நாட்களும் உண்டு.

ஒரு மத்தியானம் படிக்கிற கண்ணாடியைச் சோதிக்க ஒருவர் பேப்பரை விரித்து உரக்க வாசித்தார். டவர் கம்பெனி ஷேர் பாதாளத்துக்குப் போய்விட்டதாம்! அவருக்குக் கண்ணாடி சரியாகிவிட்டது. எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

வீட்டுக்கு வந்தேன். அவள் தாளித்துக்கொண்டிருந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தன. அதைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை.

"ஜன்னல் போச்சும்மா."

"எங்க போச்சு?"

"டவர்ல போட்டேன். விழுந்துடுச்சு."

அவள் அடுப்பை அணைத்தாள். "என் தம்பிகிட்ட குடுத்தீங்களே, அந்தப் பணமா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அவன் என் தம்பிங்க."

இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்?

"அன்னிக்குச் சாயங்காலமே வந்து சொல்லிட்டான். ஒரு பைசா போடக்கூடாதுன்னுட்டேன். பணம் என் பேர்ல பாங்க்ல பத்திரமா இருக்கு. திங்கட்கிழமை கொத்தனார் வர்றார்."

எனக்குப் போன உயிர் வந்தது. பின்னாலேயே ரோஷமும் வந்தது.

"அப்ப நான் டவருக்காகத் தொண்டைத் தண்ணி வத்தப் பேசினதெல்லாம்?"

"அந்தக் கம்பெனிக்கு வர்றது ஃபோன் கம்பெனிங்க டவருக்குக் குடுக்கற மாச வாடகைங்க. நீங்க பேசினாலும் அதேதான், வாயை மூடிக்கிட்டிருந்தாலும் அதேதான்."

"இதை முதல் நாளே சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?"

அவள் துடைத்த மேடையையே திரும்பத் துடைத்தாள்.

"சொன்னா ஃபோன் பண்றதை நிறுத்திடுவீங்களே."

நான் இத்தனை நாளும் கம்பெனிக்காகப் பேசியிருக்கிறேன். அவளோ அந்த ஜன்னல் இல்லாத அறையில் நின்றுகொண்டு என்னோடு பேசியிருக்கிறாள். வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. அவள் கையிலிருந்த துணியை வாங்கி, மேடையை நானே துடைக்க ஆரம்பித்தேன்.

"ஷேரும் வேணாம், மண்ணாங்கட்டியும் வேணாம். இனிமே உனக்காகவே கூப்பிடறேன். நாளைக்குக் கடை திறந்ததும் முதல் ஃபோன் உனக்குத்தான்!"

அவள் முகம் பூவாக மலர்ந்தது. அப்புறம் கொஞ்சம் யோசித்தாள்.

"காலையில வேணாங்க. மார்க்கெட் மூடினப்புறம் கூப்பிடுங்க."

"காய்கறி மார்க்கெட்டா?"

"ஷேர் மார்க்கெட். விலை இப்படி விழுந்து கிடக்கே, என் கைக்காசுல கொஞ்சம் டவர் வாங்கலாம்னு இருக்கேன். தம்பி கூப்பிடுவான், அப்போ பார்த்து நீங்க லைனை அடைச்சுக்கிட்டு நிக்காதீங்க."