இது யார்ட பற்றரி?

தன் மேல் வருகிற கோபத்தைப் பிறர் மேல் காட்டுவது கேவலம். நான் அதை நன்றாகவே செய்வேன். இன்றைக்கும் பெரிய வயல்காரரான நல்லதம்பிப் போடியாரைத் தெருவில் கண்டால் எனக்குக் காது சூடேறும். (அவருக்கு என்னைக் கண்டால் பற்றரி ஞாபகம் வரும்.)

கல்யாணம் முடித்து வவுணதீவுப் பக்கம் மனைவி வீட்டுக்குப் போன புதிது. எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு போய்ச் சேர வேண்டியவன். நான் பெட்டியோடு, சொந்தமாகச் செய்த அம்பிளிபயரையும் கொண்டுபோனேன். பெருமைப்பட வேறொன்றும் என்னிடம் இருக்கவில்லை.

மாமா அம்மன் கோயில் வண்ணக்கர், அதாவது நிர்வாகத்தைப் பார்ப்பவர். அம்மனைக் குளிர்விக்கும் குளுத்திச் சடங்கில் பாடும் உரிமை ஊரின் இரண்டு குடிகளுக்கும் (வம்சங்களுக்கும்) வருடம் விட்டு வருடம் மாறும். அந்த வருடம் எங்கள் குடியின் முறை, பாட வேண்டியவர் மாமா. ஆனால் தொண்டையில் ஒப்பரேசன் செய்த பிறகு அவர் குரல் பக்கத்தில் இருப்பவருக்கே அரைகுறையாகத்தான் கேட்கும். மைக் இருந்தால் பாடலாம். இல்லாவிட்டால் மற்றக் குடியினர் பாட்டை எடுத்துக்கொள்வார்கள்.

"நீங்க பயப்பிடாதீங்க மாமா, நான் இருக்கன்" என்றேன். இந்த வசனத்தை நினைத்தால் என் வாயிலேயே இரண்டு போட வேண்டும் போலிருக்கிறது.

சடங்கன்று பார்த்துக் கரண்ட் போய்விட்டது. என் அம்பிளிபயருக்கு இருபத்துநான்கு வோல்ட் வேண்டும். ட்ரக்டர் பற்றரி ஒன்று தருவது பன்னிரண்டு. எனவே இரண்டைத் தொடராகக் கட்டினேன். மேலே மாமாவுடையது, கீழே மற்றக் குடியின் தலைவரான போடியாருடையது. (கோயில் காரியத்தில் இரண்டு குடியும் சரிபாதி கொடுக்க வேண்டும். ஒரு தேங்காய் கூடினாலும் கூட்டம் போடுவார்கள்.) மைக் பெட்டிக்கும் பாட்டுப் பெட்டிக்கும் பன்னிரண்டு வோல்ட்தான் தேவை. இருபத்துநான்கை இறக்கிக் கொடுக்கும் சின்னப் பலகை ஒன்று மட்டக்களப்பு டவுனில் கிடைக்கும். பஸ் ஏறப் பஞ்சிப்பட்டு, இரண்டு பெட்டிகளையும் கீழ்ப் பற்றரியில் மட்டும் கொழுவிவிட்டேன். வேலை செய்தது.

அப்போது போடியார் வந்தார். யாருடைய வயலுக்குத் தண்ணீர் கூடப் போகிறது என்று வயல் வட்டையில் வாய்க்கால் பார்ப்பாரே, அதே கண்ணால் வயர்களைப் பார்த்தார்.

"என்ன தம்பி, ரெண்டு பெட்டியும் எங்கட பற்றரியில கிடக்கு? வண்ணக்கர்ர பற்றரியில ஒண்டையும் காணல்ல?"

"அது அப்பிடித்தான் குடுக்கணும் போடியார்."

"எங்கட பற்றரி செத்துப் போகும். உங்கட பற்றரி மறுகா வயலுக்குப் போகும். அப்பிடியா?"

சுற்றி நின்ற சனம் "ஞாயந்தானே" என்றது. மாமாவும் என் காதோடு, "பிரிச்சுக் குடுங்க மருமகன், கதை வேணாம்" என்றார். முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஏன் முடியாது என்று கேட்பார்களே! அது எனக்கே அப்போது வடிவாகத் தெரியாது. மைக் பெட்டியை மேல் பற்றரிக்கு மாற்றினேன். போடியாருக்குத் திருப்தி.

மாமா சால்வையைச் சரிசெய்து மைக்கை வாயருகே கொண்டுபோனார். மைக் பெட்டியின் வயரை அம்பிளிபயரில் செருகினேன். ஒலிபெருக்கி எருமை போல ஒரு தரம் கத்தியது. வயர் உருகிப் புகைந்தது, மைக் பெட்டி கருகியது. மேல் பற்றரியின் அடி முனைதான் கீழ்ப் பற்றரியின் தலை முனை. அங்கே கொழுவிய பெட்டியை, கீழ்ப் பற்றரியின் அடி முனையில் கட்டியிருந்த அம்பிளிபயரோடு சேர்த்ததும், அந்த மெல்லிய வயர் கீழ்ப் பற்றரியின் இரண்டு முனைகளையும் நேராக இணைத்துவிட்டது. போடியார் காப்பாற்ற நினைத்த அதே பற்றரியை!

"ஐயோ, எங்கட பற்றரி!" என்று அவர் கத்தினார்.

மாமா செத்துப்போன மைக்கைப் பிடித்தபடி பாடத் தொடங்கினார். உதடு அசைந்தது, முன்னால் இருந்தவர்களுக்கும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் போடியாரின் தம்பி பாட்டை எடுத்துக்கொண்டார். மாமா மைக்கை மெல்லக் கீழே வைத்தார். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. போடியார் மேல், "ஞாயந்தானே" என்ற வாய்கள் மேல், ஏன், மாமா மேலும்கூட. என் மேல் வருவதற்குத்தான் நெடுநாள் எடுத்தது.

அதன் பிறகு வீட்டில் மாமி மீன் பகிரும்போதெல்லாம், "இந்தத் துண்டு மேல் பற்றரிக்கு, இது கீழ்ப் பற்றரிக்கு, சண்டை வேணாம்" என்பார். என் மனைவி சிரிப்பாள். எனக்குச் சோறு இறங்காது.

இரண்டு வருடம் கழித்து மறுபடி எங்கள் முறை வந்தது. இம்முறை டவுனுக்குப் போய் அந்தப் பலகையை வாங்கிப் பூட்டினேன். இரண்டு பற்றரிகளும் சரிசமமாகச் சுமக்கும், போடியார் குனிந்து பார்த்தாலும் குறை சொல்ல முடியாது. குனிந்து பார்க்கத்தான் செய்தார். மாமா மைக்கைப் பிடித்தார். கோயில் அமைதியானது. வாவிக்கரை வரைக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் முதலில் வந்தது பாட்டு அல்ல.

"மருமகன், இது யார்ட பற்றரி?"

சனம் முழுக்கச் சிரித்தது. போடியார்தான் எல்லோரையும் விட அதிகம் சிரித்தார். எனக்கு அம்பிளிபயரைத் தூக்கி வாவியில் எறியலாம் போலிருந்தது. ஆனால் மாமா பாடத் தொடங்கிவிட்டார். கடைசிப் பாட்டு வரைக்கும் அவர்தான் பாடினார்.

இப்போது எங்கள் ஊரில் மைக்கைப் பிடிக்கிற எவனும் "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று சொல்வதில்லை. "இது யார்ட பற்றரி?" என்றுதான் கேட்கிறான். கேட்கும்போதெல்லாம் எனக்குக் காது சூடேறுகிறது.