நாரைத்தாங்கலின் ஒரே அசல் வாத்து

வாத்து நீரில் நீந்தும். கரையில் நடக்கும். தோன்றிய இடத்தில் முட்டையிடும். இந்தச் செய்திகளை ஒன்றாம் வகுப்பில் படித்துவிட்டுச் சென்னை மக்கள் நெடுங்காலம் நிம்மதியாக இருந்தார்கள். படிக்காமல் விட்ட செய்தி ஒன்று உண்டு என்பது எழுபதுகளில்தான் தெரியவந்தது. வாத்துக்கு அப்பா யார் என்று கேட்கவேண்டும். கேட்பதற்கு ஓர் அலுவலகம் வேண்டும்.

தியாகராய நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த தனபாலன்தான் இதற்கு மூலகாரணம். அதுவரை புடவை வாங்கினால் கடைக்காரர்கள் மஞ்சள் பை கொடுப்பார்கள். தாராள மனதுக்காரர்கள் காலண்டர் கொடுப்பார்கள். தனபாலன் ஒரு தீபாவளிக்கு, பட்டுப்புடவை ஒன்றுக்குச் சீமை வாத்துக்குஞ்சு ஒன்று இலவசம் என்று பலகை வைத்தார்.

மயிலாப்பூரிலிருந்து காமாக்ஷி ஒரு புடவை வாங்கப் போனாள்.

“ரெண்டா எடுத்துக்கிடுங்கக்கா. ஒத்தக் குஞ்சு ஏங்கிப் போயிரும்லா?” என்றார் தனபாலன்.

காமாக்ஷிக்கு இளகிய மனது. இரண்டு புடவையாக எடுத்துக்கொண்டாள். குஞ்சுகளுக்குப் பிங்கி, ஜூலி என்று பெயர் வைத்தாள்.

அந்த மார்கழிக்குள் மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் வாத்து இல்லாத வீடு கௌரவமான வீடு இல்லை என்றாகிவிட்டது. கச்சேரிக்குப் போகும் மாமிகள் வாத்தின் கழுத்தில் புடவைக்குப் பொருத்தமான ரிப்பன் கட்டினார்கள். பெண் பார்க்க வந்தவர்கள், பெண் பாடுவாளா என்று கேட்டபின், வாத்து எங்கே என்று கேட்டார்கள்.

குஞ்சு வளரும் என்பதைப் பலகையில் எழுதியிருக்கவில்லை. பஞ்சுருண்டையாக வந்தது வெள்ளைவெளேரென்று பெருத்து, கோலத்தின்மேல் நடந்து, விடியுமுன் தெருவையே எழுப்பியது. வளர்ந்த வாத்தை வைத்துக்கொள்ளத் தெரியாதவர்கள் மற்ற ஊர்களில் மிளகு அரைப்பார்கள். இவர்கள் வீடுகளில் அது நடக்காது. மிளகு அரைக்கிறவர்களிடம் கொடுப்பதும் பாவம். ஆகவே ஒவ்வொரு குடும்பமாக விடியற்காலையில் டாக்ஸி பிடித்து, வேளச்சேரிக்குத் தெற்கே நாரைத்தாங்கல் என்ற ஏரிக்குப் போய், வாத்தைத் தண்ணீரில் விட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பியது. ஒரு ஜீவனுக்கு விடுதலை கொடுத்த புண்ணியம் டாக்ஸி வாடகைக்குக் கிடைத்தால் மலிவுதான்.

நாரைத்தாங்கலில் அப்போது காட்டு வாத்துகள் இருந்தன. புள்ளிமூக்கு வாத்துகள் என்பார்கள். பழுப்பு உடம்பு, கருத்த அலகு, அலகின் நுனியில் மட்டும் மஞ்சளைத் தொட்டு வைத்ததுபோல் ஒரு நிறம். விடுதலை பெற்ற சீமை வாத்துகள் ஏரியைச் சுற்றிப் பார்த்தன. புள்ளிமூக்குகளையும் பார்த்தன. அடுத்த பருவத்தில் ஏரியில் நீந்திய குஞ்சுகள் வளர்ந்தபோது, பழுப்பு உடம்பில், கழுத்துக்குக் கீழே, முடிவெட்டுபவர் கட்டிவிடும் துணிபோல் வெள்ளைப் பட்டை இருந்தது.

பறவைகளை அறிந்தவர்கள் கவலைப்பட்டார்கள். இப்படியே கலந்துகொண்டே போனால், சில தலைமுறைகளில் பழைய காட்டு இனம் இருந்த சுவடே இருக்காது என்றார்கள். காட்டு வாத்துக்கு ஆளைக் கண்டால் பறக்கவேண்டும் என்ற பயம் பிறப்பிலேயே உண்டு. சீமை வாத்துக்கு ஆளைக் கண்டால் தவிடு கிடைக்கும் என்ற நம்பிக்கை உண்டு. நம்பிக்கை பயத்தோடு கலந்தால் பறவை பிழைக்காது. இதெல்லாம் உண்மை. மிகவும் நியாயமான இந்தக் கவலை நேராக அரசாங்கத்தின் கையில் போய்ச் சேர்ந்தது.

அடையாற்றில் ஒரு பங்களா வாடகைக்கு எடுக்கப்பட்டு, “நீர்ப்பறவை இனத்தூய்மை நிலைநாட்டு அலுவலகம்” திறக்கப்பட்டது. தனி அலுவலராகக் கஸ்தூரிரங்கன் வந்தார். காமாக்ஷியின் கணவர். அதுவரை எடைக்கற்களுக்கு முத்திரை குத்தும் இலாகாவில் இருந்தவர். நியமன உத்தரவு வந்த காலையில், அவர் பிங்கியையும் ஜூலியையும் நாரைத்தாங்கலில் விட்டுவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார்.

“வாத்தைப் பத்தி உங்களுக்கு என்னன்னா தெரியும்?” என்றாள் காமாக்ஷி.

“கல்லைப் பத்தி என்ன தெரியும்? முப்பது வருஷம் ஓட்டலையா?” என்றார் அவர்.

விதிகள் வகுக்கப்பட்டன. ஏரியில் காணப்படும் வாத்து மூன்று வகை. அசல் வாத்து: அரசின் பாதுகாப்புக்கு உரியது, வைத்திருப்போர் மீது வழக்கு. வீட்டு வாத்து: பிறப்பை நிரூபித்தால் உரியவரிடம் ஒப்படைக்கப்படும். கலப்பு வாத்து: அப்புறப்படுத்தப்படும்.

பிறப்பை நிரூபிக்கப் புதிதாகப் படிவம் தயாரிக்க வேண்டியிருக்கவில்லை. யார் எந்தப் பிறப்பு என்று கேட்கும் படிவம் நம்மிடம் ஏற்கெனவே உண்டு. பள்ளிச் சேர்க்கைக்குச் சாதிச் சான்று கேட்கும் படிவத்தில் “மாணவர்” என்ற சொல்லை அடித்துவிட்டு “வாத்து” என்று தட்டச்சு செய்தார் குமாஸ்தா கிச்சா. மற்ற எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

ஜீப் நாரைத்தாங்கலுக்குப் போயிற்று. காட்டு வாத்துகள் ஜீப்பைக் கண்டதும் பறந்துவிட்டன. கலப்பு வாத்துகள் சற்று யோசித்துவிட்டுப் பறந்தன. சீமை வாத்துகள் டாக்ஸியில் வந்தவை என்பதால் ஜீப்பைச் சட்டைசெய்யாமல் நடு ஏரியிலேயே இருந்தன. பறக்காமல் கரையேறி வந்து, தவிட்டு வாளியைப் பார்த்து, தாமாகவே ஜீப்பில் ஏறியவை முனியம்மாளின் நாட்டு வாத்துகள் மட்டுமே. ஏரியின் தூய்மையைக் கெடுப்பவை அவையே என்று முடிவாயிற்று.

முனியம்மாள் ஏரிக்கரையில் குடிசை போட்டிருந்தவள். வாத்து முட்டையைக் கூடையில் வைத்து சைதாப்பேட்டைச் சந்தையில் விற்றுத்தான் அவள் வீட்டில் உலை வைக்கவேண்டும். அதிலும் பொம்மி என்ற பெட்டை முன்னால் போனால்தான் மந்தை பின்னால் போகும். பொம்மி ஜீப்பில் முதல் ஆளாக ஏறியிருந்தது.

முனியம்மாள் அடையாற்றுக்கு நடந்தே வந்தாள்.

“இன்னா சாமி, என் வாத்துங்கோ இன்னா தப்பு பண்ணிச்சு?”

“தப்பு இல்லேம்மா. விசாரணை. கிச்சா, படிவத்தை எடு. உன் வாத்து என்ன இனம்?”

“வாத்து இனம் சாமி.”

“அது தெரியறது. இதோ நிக்கறதே, இதோட அப்பா யாரு?”

“அத்த பொம்மியோட ஆத்தாவைத்தான் கேக்கணும். நான் அந்தமாரி சமாச்சாரத்துல தலையிடறதில்ல.”

“ஆத்தா எங்கே?”

“சைதாப்பேட்டைல கொளம்பாயி எத்தினி வருசமாச்சி.”

“தகப்பன்: தாயார் கூறாமலே காலமானார்” என்று எழுதிக்கொண்டார் கிச்சா.

“சரி, சாமி. இது அசல்னு எழுதினா எனக்குக் குடுப்பியா?”

“அசல்னா உன்மேல கேஸ்.”

“கலப்புன்னு எழுதினா?”

“அப்புறப்படுத்திடுவோம்.”

“வூட்டு வாத்துன்னே எழுதிக்கோயேன்.”

“அதுக்குத் தகப்பன் பேர் வேணும்.”

முனியம்மாள் விரல்விட்டு எண்ணினாள். “மூணுல எதுவா இருந்தாக்கா என் வாத்து என் கைக்கு வரும் சாமி?”

கஸ்தூரிரங்கன் இரக்கமற்றவர் அல்லர். உண்மையாகவே யோசித்தார். “அதுக்கு நாலாவது வகை ஒண்ணு வேணும்மா. மேலிடத்துக்கு எழுதறேன்.”

எழுதினார். பதில் வரும்வரை வாத்துகள் பங்களாத் தோட்டத்துக் கொட்டகையில் அடைக்கப்பட்டன. அலுவலகத்தில் தவிட்டுக்கு நிதி ஒதுக்கீடு இல்லாததால், முனியம்மாள் நாள்தோறும் தவிடு சுமந்து வந்து போட்டாள். வரும்போதெல்லாம் அவளிடம் விசாரணை நடந்தது. கேள்விகள் அவளுக்கு மனப்பாடமாகிவிட்டன.

இந்த நிலையில் கிச்சா ஓர் ஐயத்தைக் கிளப்பினார். “சார், அசல் எப்படி இருக்கும்னு தெரிஞ்சாத்தானே கலப்பு எதுன்னு சொல்லமுடியும்?”

“ஏரியில போய்ப் பாத்துண்டு வா.”

“ஏரியில இருக்கறதே கலப்பா இருந்துட்டா, சார்?”

கஸ்தூரிரங்கன் எழுந்து நின்று கிச்சாவின் கையைக் குலுக்கினார். எடைக்கற்கள் இலாகாவில் ஊரில் உள்ள கற்களை எல்லாம் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தாய்க்கல் வைத்திருப்பார்கள். அதுபோல் ஒரு தாய்வாத்து வேண்டும். அது ஏரியோடு எந்தச் சம்பந்தமும் இல்லாததாக இருக்கவேண்டும்.

மூர் மார்க்கெட்டில் வலியுல்லா கடையில் கிடைத்தது. வெள்ளைக்காரர் காலத்தில் யாரோ சுட்டு, வைக்கோல் அடைத்து வைத்த வாத்து.

“அசல்தானா பாய்?” என்றார் கஸ்தூரிரங்கன்.

“இன்னா சார் இப்படிக் கேட்டுட்டே! துரை பங்களா சரக்கு. எம்பது வருசமா ஒருத்தரோடயும் சேராம தனியா நிக்குது. இதவிட அசல் எங்க கீது?”

இந்த வாதத்தில் குறை காணமுடியவில்லை. வாத்து வாங்கப்பட்டது. அதன் அலகு நுனியில் நிறம் மங்கிப்போயிருந்ததால், விற்குமுன் வலியுல்லா ஒரு தடவை சாயம் பூசியிருந்தார். அன்றைக்கு அவரிடம் மஞ்சள் சாயம் தீர்ந்திருந்தது, பச்சைதான் இருந்தது.

ஏரிக்கரையில் ஒரு முக்காலி போட்டு, அதன்மேல் தாய்வாத்தை வைத்து, கஸ்தூரிரங்கன் தொலைநோக்கியால் ஒவ்வொரு பறவையாகப் பார்த்தார். எல்லா அலகும் மஞ்சள் நுனி. ஒன்றில்கூடப் பச்சை இல்லை. அவருக்குக் கண் கலங்கியது.

“இவ்வளவு தூரம் கலந்துபோயிருக்கும்னு நான் நினைக்கலேடா கிச்சா.”

அறிக்கை மேலே போயிற்று. “நாரைத்தாங்கலில் அசல் இன வாத்து எதுவும் இல்லை என்பதும், ஒரே ஓர் அசல் வாத்து இவ்வலுவலக மேசைமேல் நல்ல நிலையில் உள்ளது என்பதும் பணிவுடன் தெரிவிக்கப்படுகிறது.” மேலிடம் உடனே பதில் எழுதியது. அசல் வாத்து மேசைமேல் பாதுகாப்பாக இருக்கும்போது, அதற்கென ஓர் ஏரியை வைத்திருப்பது வீண்செலவு.

லாரிகள் வந்தன. நகரத்தில் இடித்த வீடுகளின் கற்களைக் கொண்டுவந்து ஏரியில் கொட்டின. சமன்செய்த தரைக்கு அன்னப்பறவை நகர் என்று பெயர் சூட்டினார்கள். தனபாலன் மூலை மனையை வாங்கினார். அன்று புடவைக்கு வரிசையில் நின்ற அதே முகங்கள் இன்று மனைக்கு வரிசையில் நின்றன. காட்டு வாத்துகள் ஒருநாள் மேலே வட்டமடித்துப் பார்த்துவிட்டு எங்கோ போய்விட்டன. அவை எங்கே போயின என்று யாரும் விசாரிக்கவில்லை, கலப்பினம்தானே.

சிறந்த பணிக்காக இனத்தூய்மை அலுவலகத்துக்கும் அங்கேயே மனை ஒதுக்கப்பட்டு, சொந்தக் கட்டடம் எழும்பியது. கீழே அலுவலகம், மேலே கஸ்தூரிரங்கன் குடியிருப்பு, பின்னால் வாத்துக் கொட்டகை. பொம்மி முதலிய வாத்துகளை அடையாற்றிலிருந்து கொண்டுவந்து அதில் அடைத்தார்கள். ஏரியில் பிடித்த வாத்து ஏரிக்கே வந்து சேர்ந்தது. நடுவில் ஏரிதான் இல்லை.

“மேலிடத்துலேர்ந்து நாலாவது வகை வந்துச்சா சாமி?” என்று கேட்டுக்கொண்டு முனியம்மாள் தவிட்டோடு வந்துபோனாள்.

ஐப்பசி வந்தது. மழையும் வந்தது. சுற்றுவட்டாரத் தண்ணீருக்கு நாரைத்தாங்கல் போகும் வழி பழக்கமானது. பெயர் மாற்றிய செய்தி அதற்கு யாரும் அனுப்பவில்லை. ஒரே நாளில் அன்னப்பறவை நகரின் சன்னல்கள்வரை ஏறி நின்றது. குடியிருப்போர் மொட்டைமாடிகளில் குடை பிடித்து நின்றார்கள். கொட்டகைக் கதவு மிதந்துபோயிற்று. பொம்மி வெளியே வந்து, ஒருமுறை உடலைச் சிலிர்த்துக்கொண்டு நீந்தியது. மந்தை பின்னால் போயிற்று. அலுவலகச் சன்னல் வழியாகத் தாய்வாத்தும் வெளியே வந்தது. நாரைத்தாங்கலின் ஒரே அசல் வாத்து முதன்முறையாக அந்த ஏரித் தண்ணீரைத் தொட்டது. வைக்கோல் நனைந்ததும் மூழ்கிவிட்டது.

முனியம்மாள் வாழைத்தண்டுத் தெப்பத்தைக் கோலால் தள்ளிக்கொண்டு வந்தாள்.

“முனியம்மா! எங்களை ஏத்திண்டு போ!” என்று கத்தினார் கஸ்தூரிரங்கன்.

முனியம்மாள் கோலை ஊன்றித் தெப்பத்தை நிறுத்தினாள். “ஏத்திக்கிறேன் சாமி. சின்ன விசாரணை கீது. நீங்க ஏரியிலயே பொறந்த அசலா?”

“நான் மயிலாப்பூர்.”

“அப்பா?”

“கும்பகோணம்.”

“அம்மா?”

“நெல்லூர்...”

“கலப்பு” என்றாள் முனியம்மாள் வருத்தத்தோடு. “சர்ட்டிபிகேட் எதுனா கீதா?”

“கீழே பீரோவில...”

பீரோ தண்ணீருக்குள் இருந்தது. அடுத்த மாடியிலிருந்து தனபாலன் குரல் கொடுத்தார்: “யம்மா, நான் திருநவேலி! எங்க பரம்பரையே கலப்பில்லாதது!”

“அப்ப வெளியூர் அசல். அத்த ஏரியில வெச்சிருந்தா கேசாச்சே நைனா?”

“மூணுல எதுவா இருந்தா எங்களை ஏத்திப்பே?” என்றார் கஸ்தூரிரங்கன். குரல் அழுகைக்குப் பக்கத்தில் இருந்தது.

முனியம்மாள் இரக்கமற்றவள் அல்லள். உண்மையாகவே யோசித்தாள். “அதுக்கு நாலாவது வகை வேணும் சாமி. என் வாத்துங்கோ என்னுதுன்னு ஒரு வார்த்தை சொல்லு, இப்பவே அந்த வகையத் தொறக்கறேன்.”

கஸ்தூரிரங்கன் கிச்சாவைப் பார்த்தார். கிச்சா தண்ணீரைப் பார்த்தார். “வெள்ளத்துல எல்லா வாத்தும் செத்துப்போச்சுன்னு எழுதிடலாம், சார். செத்ததுக்குத் தகப்பன் பேர் கேக்கமாட்டா.”

அப்படியே ஆயிற்று. முனியம்மாள் ஒவ்வொரு மாடியாகப் போய் எல்லோரையும் கரை சேர்த்தாள். அரசு ஆவணங்களின்படி இறந்துபோன வாத்துகள் அதன்பிறகும் நாள்தோறும் முட்டையிட்டன. அவற்றை அவள் சைதாப்பேட்டையில் விற்றாள்.

நீர் வடிந்ததும் அன்னப்பறவை நகர் குடியிருப்போர் கூட்டம் நடந்தது. நம்முடைய பூர்விக இடத்தில் இந்த வெளியூர்த் தண்ணீர் எப்படி அத்துமீறி நுழைந்தது என்று அரசாங்கம் விசாரிக்கவேண்டும் எனத் தீர்மானம் நிறைவேறியது. கையெழுத்துப் போடாதவர் யாரும் இல்லை. மனை வாங்கியவர்கள் நாம் எல்லோரும்தானே. அரசாங்கம் உடனே இணங்கியது. வெள்ள இனங்காண் அலுவலகம் மறுவாரமே திறக்கப்பட்டது. கஸ்தூரிரங்கன்தான் தனி அலுவலர். கிச்சா பழைய படிவத்தை எடுத்து, “வாத்து” என்பதை அடித்துவிட்டு “வெள்ளம்” என்று தட்டச்சு செய்தார். தகப்பன் பெயர் என்ற இடத்துக்கு வந்ததும் வெளியே எட்டிப் பார்த்தார். வானம் மறுபடி இருட்டிக்கொண்டு வந்தது.

“மேகம்” என்று தட்டினார். “அழைப்பாணை அனுப்பப்பட்டுள்ளது.”