தளபதி உட்கார்ந்த நாற்காலி

வெண்டெல் ஸ்ப்ரேக் இடது கையால் நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்தான். வலது கையில் அதே நாற்காலியின் கை இருந்தது. தனியாக.

ஜன்னலுக்கு வெளியே பனி சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருந்தது. கணப்பில் பிர்ச் கட்டைகள் சோம்பலாக எரிந்தன. சற்றுமுன் வரை எல்லாம் எவ்வளவு சுகமாக இருந்தது!

"நெட்டி! சீக்கிரம் வா!"

முதலில் இஞ்சி கேக் வாசனை வந்தது. பின்னாலேயே, மாவு அப்பிய கைகளோடு சமையல்காரி நெட்டி. பார்த்தாள். கதவைச் சாத்தினாள்.

"உட்கார்ந்தியா?"

"லேசா..."

"அடப்பாவி! போயும் போயும் இதுலயா?"

டிரெட்வே மாளிகையில் எதைத் தொட்டாலும் திட்டு விழும். இந்த நாற்காலியைத் தொட்டால் வேலையே போகும். அமெரிக்கச் சுதந்திரப் போர்த் தளபதி ஒருவர் பனிப்புயலில் வந்து, இதே கணப்பின் முன், இதே நாற்காலியில் குளிர்காய்ந்தாராம். இந்த வீட்டிலேயே பிறந்து, இன்று இதைக் கண்காட்சியாக நடத்தும் கோர்டீலியா டிரெட்வே அம்மையார் போட்ட சட்டம் அது. உட்காரக் கூடாது, தொடக் கூடாது, தூசிகூடத் தட்டக் கூடாது. போன வருஷ வழிகாட்டி இதன்மேல் கோட்டைக் கழற்றிப் போட்டான். அன்று சாயங்காலமே கோட்டும் அவனும் வெளியே.

வெண்டெலுக்குப் போக வேறு இடமும் இல்லை. இந்த வீட்டு மச்சு அறைதான் அவன் வீடு. பகலெல்லாம் வெள்ளை டோப்பாவும் முழங்கால் சராயும் மாட்டிக்கொண்டு, வருகிறவர்களுக்கு, இந்த வீட்டைக் கட்டிய கப்பல் கேப்டன் டிரெட்வேயாக நடிப்பான். இரவில் படி ஏறினால்தான் ஸ்ப்ரேக்.

இன்று பனியால் ஒருவரும் வரவில்லை. நாற்காலியின் குறுக்கே இருந்த சிவப்பு ரிப்பனைச் சரியாகக் கட்டலாம் என்றுதான் அவிழ்த்தான். கணப்பின் சூடு காலுறை வழியே மெல்ல ஏறியது. பித்தளைச் சாமான்களில் நெருப்பு பொன்னாக மினுக்கியது. எப்போது உட்கார்ந்தான், எப்போது கண் செருகியது, தெரியாது. துறைமுகத்தில் அவன் கப்பல் வந்து நின்றது. பாய் நிறையக் காற்று, அறை நிறைய மிளகு வாசனை. கேப்டன் ஸ்ப்ரேக் சூடாக ஆப்பிள் மது கொண்டுவரச் சொல்லி நாற்காலிக் கையில் ஓங்கித் தட்டினான்.

சடக்!

"அந்தம்மா இப்ப வந்துடுவாங்கய்யா," என்றாள் நெட்டி. "முதல் பனிக்கு வந்து முதல்ல பார்க்கிறதே இதைத்தானே?" உடைந்த இடத்தைக் குனிந்து பார்த்தாள். "இது என்ன, சாம்பல் கலர்ல பொருக்குப் பொருக்கா?"

"அந்தக் கால ஆசாரிகளின் பசை. அந்த ரகசியம் அவர்களோடு மறைந்துவிட்டது." வழிகாட்டிக் குரல் தானாக வந்தது.

"ரகசியம் மறையட்டும். நீ மறையாம இருக்க வழி பாரு!"

வீட்டில் பசை இல்லை. நெட்டி, கேக்குக்குக் காய்ச்சிய வெல்லப்பாகைக் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்தாள். தடவினார்கள். அழுத்தினார்கள். நின்றது!

"சீக்கிரம் காயட்டும்," என்று வெண்டெல் நாற்காலியைக் கணப்புக்குப் பக்கத்தில் நகர்த்தினான்.

பாகு காயவில்லை. உருகியது. சொட்டுச் சொட்டாகத் துருக்கிக் கம்பளத்தில் விழுந்தது.

"கம்பளம்! கம்பளம்!"

கறையை மறைக்கக் கணப்புத் தட்டியை இழுத்து வைத்தான். அப்படியும் தெரிந்தது. வெளிச்சம் குறைந்தால் தெரியாதே? தீயைக் கொஞ்சம் அடக்கலாம் என்று புகைபோக்கியின் இரும்பு மூடியைக் கம்பியால் பாதி தள்ளினான். அது முழுசாக விழுந்து மூடிக்கொண்டது.

புகை அவசரப்படவில்லை. மெத்தென்று வெளியே வந்து, மேசையைச் சுற்றி, சுவரில் இருந்த கேப்டனின் படத்தை மறைத்து, நெட்டியின் தலைமேல் ஒரு குல்லாயாக உட்கார்ந்தது. அறை மேகத்துக்குள் மிதப்பது போலிருந்தது. இன்னும் கனவுதானோ என்று வெண்டெலுக்கு நப்பாசை.

வாசலில் கார் கதவை அடித்துச் சாத்தும் சத்தம் கேட்டது.

"கையைப் பிடிச்சுக்கிட்டு நில்லு! அசையாதே!" நெட்டி ஜன்னலைத் திறக்க ஓடினாள். பனிக்காற்று ஜில்லென்று உள்ளே வந்தது.

புகையை விலக்கிக்கொண்டு, கறுப்புக் கம்பளிக் கோட்டில், ஒரு கப்பலைப் போல கோர்டீலியா வந்தார். பின்னால் அவர் தம்பி ஆம்ப்ரோஸ். அக்காவுக்குக் கார் ஓட்டுவார். வாய் திறப்பது அபூர்வம்.

"மிஸ்டர் ஸ்ப்ரேக், வீடு எரியுதா?"

"இல்லை மேடம். அந்தக் காலத்துல... இப்படித்தான் புகையுமாம். அதான் தத்ரூபமா..."

"நாற்காலி ஏன் இடம் மாறியிருக்கு?"

"தளபதிக்குக் குளிருமேன்னு..."

"கையை எடுங்க."

வெண்டெல் எடுத்தான். அதற்குள் குளிர்காற்றில் பாகு மிட்டாய்ப் பதத்துக்கு வந்திருந்தது. அவன் கையோடு நாற்காலியின் கையும் வந்தது. உதறினான். விழவில்லை. முதுகுக்குப் பின்னால் மறைத்தான். டோப்பாவின் பின்னலில் ஒட்டிக்கொண்டது.

கோர்டீலியாவின் முகம் வெளுத்தது. "மிஸ்டர் ஸ்ப்ரேக்... மேலே போய் உங்க பெட்டியை..."

மச்சு அறை, அதன் சின்ன ஜன்னல், துறைமுகம், கப்பல் எல்லாம் வெண்டெலின் கண்முன் ஒவ்வொன்றாகப் புகைக்குள் போய் மறைந்தன.

அப்போது ஆம்ப்ரோஸ் முன்னே வந்தார். டோப்பாவோடு சேர்த்து அந்த நாற்காலிக் கையை வாங்கினார். உடைந்த முனையில் இருந்த சாம்பல் பொருக்கை நகத்தால் சுரண்டி, முகர்ந்தார். குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தார்.

"வாயை மூடு, ஆம்ப்ரோஸ்!" கோர்டீலியாவின் முகம் கணப்பைவிடச் சிவந்தது.

"முடியாதுக்கா! சின்ன வயசுல இதுமேல ஏறிக் குதிச்சு ஒடிச்சே, அப்பாவுக்குப் பயந்து ஓட்ஸ் கஞ்சி வெச்சு ஒட்டினே, அதை யாரும் தொட்டுடக் கூடாதுன்னு ஒரு தளபதியையே கூட்டிட்டு வந்து உட்கார வெச்சே... இன்னைக்காவது அந்த மனுஷனை எந்திரிச்சு வீட்டுக்குப் போகச் சொல்லுக்கா!"