லிஃப்ட் மெக்கானிக் விற்ற விருந்தாளி ஆப்ஷன்

லிஃப்ட் மெக்கானிக் அன்று காலை கண்ணாடி முன் நின்று வேலையை ராஜினாமா செய்து பார்த்தார். கம்பீரமாகத்தான் வந்தது. சாப்பாட்டு மேஜைக்கு வந்து மனைவியைப் பார்த்ததும் குரல் இரண்டு மாடி இறங்கிவிட்டது.

"இனிமே ஓவர்டைம் கிடையாது. ஆப்ஷன் விக்கப் போறேன்."

"எதைங்க?"

"ஆப்ஷன்! ஒருத்தன்கிட்ட பங்கு இருக்கு. விலை விழுந்துடுமோன்னு பயம். 'விழுந்தா பழைய விலைக்கே நான் வாங்கிக்கறேன்'னு வாக்குக் குடுப்பேன். அந்த வாக்குக்கே காசு தருவான். விலை விழாது. காசு எனக்கு. மாசாமாசம்!"

"விழுந்தா?"

"விழாதுன்னு சொல்றேன்ல!"

மனைவிக்குப் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அலறுகிறவர்களை "உக்காருங்க, ஒண்ணும் ஆகாது" என்று உட்கார வைத்தே பழகியவள். மகளின் கல்லூரிக்காக இருவரும் சேர்த்த பணம் அவள் பேரில்தான் இருந்தது. இவர் அதற்குத்தான் அடிபோடுகிறார் என்பது அவளுக்குத் தெரியாதா?

"இண்டெக்ஸ் ஃபண்டுல போட்டா என்னங்க? பெரிய கம்பெனி எல்லாத்துலயும் கொஞ்சங்கொஞ்சம். போட்டுட்டு நம்ம வேலையைப் பார்க்கலாம்."

"அது பணத்துக்குத் தொட்டில் கட்டித் தாலாட்டுற வேலை! என் பணம் ஓடணும்."

"ஓடட்டும். மொதல்ல எனக்கு ஒரு ஆப்ஷன் வித்துக் காட்டுங்க. வீட்டுக்கு விருந்தாளி வந்தா, அவங்க கிளம்புற வரைக்கும் சமையல், பாத்திரம் எல்லாம் உங்க பொறுப்பு. அந்த வாக்குக்கு, மாசக் கடைசி வரைக்கும் தினமும் படுக்கைக்கே டீ."

மெக்கானிக் விழுந்து விழுந்து சிரித்தார். அவர்கள் வீட்டுக்கு மீட்டர் பார்க்க வருகிறவர்கூட வாசலோடு போய்விடுவார்.

டீ வந்தது. விருந்தாளி வரவில்லை. அடுத்த வாரமே ஆசை கொழுத்துவிட்டது.

"ஆம்லெட்டும் சேத்துக் குடு. எத்தனை பேர் வந்தாலும் பாத்துக்கறேன்."

"எத்தனை பேர்னாலுமா?"

"ஊரே வரட்டும்!"

"யோசிச்சுக்கோங்க."

"யோசிக்கிறவன் லிஃப்ட்டையே ரிப்பேர் பண்ணிக்கிட்டுக் கிடப்பான்."

வெள்ளிக்கிழமை காலிங்பெல் அடித்தது. வாசலில் மனைவியின் அண்ணன். பின்னால் அவர் மனைவி, இரட்டைப் பிள்ளைகள், அவருடைய மாமனார், மாமியார், கூண்டில் ஒரு கிளி.

"மாப்ளே! வீட்ல பெயிண்ட் அடிக்கிறாங்க. மாசக் கடைசி வரைக்கும் இங்கதான்!"

அப்புறம் வீடு ஒரே கச்சேரி. "மாமா, பசிக்குது!" என்று இரட்டையர் ஒரே சுருதியில். "தம்பி, எனக்கு உப்பு கம்மியா" என்று மாமனார். "எனக்குத் தூக்கலா" என்று மாமியார். "பசிக்குது!" என்று கிளியும் கற்றுக்கொண்டது.

பாத்திர மலைக்குப் பின்னாலிருந்து மெக்கானிக்கின் தலை மட்டும் தெரிந்தது. பக்கத்து நாற்காலியில் கால்நீட்டி மனைவி வாரப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ஆப்ஷனைத் திருப்பி வாங்கிக்கறேன். என்ன விலை?"

"ஒரு வருஷத்துக்கு எனக்கு டீ, ஆம்லெட்."

"ரெண்டு வாரம்தானே குடுத்தே!"

"அப்ப விருந்தாளி வரலைங்க. இப்ப வந்தாச்சு. விலை ஏறிடுச்சு."

அண்ணன் எட்டிப் பார்த்தார். "பெயிண்ட் வேலைன்னு போன மாசமே தங்கச்சிகிட்ட சொன்னேன். இங்க வாங்கன்னு ஒத்தக் கால்ல நின்னா. பாசக்காரி!"

மெக்கானிக் கரண்டியைக் கீழே போட்டார். "முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டு எங்கிட்ட வாங்கினியா? இது மோசடி!"

"மார்க்கெட்ல மட்டும் உங்களைவிட விஷயம் தெரிஞ்சவங்களே இருக்க மாட்டாங்களா?"

அவர் கரண்டியை எடுத்து மறுபடி தேய்க்க ஆரம்பித்தார். இதுவே நிஜச் சந்தையாக இருந்திருந்தால்? மகளின் கல்லூரியல்லவா கழுவிக்கொண்டு போயிருக்கும்! நல்லவேளை, வெறும் பாத்திரம். ஒரு பெருமூச்சு அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. தேய்க்கிற கை தானாகவே லேசானது.

"உன் இண்டெக்ஸ் ஃபண்டும் விழும்தானே?"

"விழும். எழுந்திருக்கிற வரைக்கும் காத்திருக்கலாம். எடுடா பணத்தைன்னு யாரும் வாசல்ல வந்து நிக்க மாட்டாங்க."

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டார். நெஞ்சை நிமிர்த்தினார்.

"கேட்டுக்கோ. குடும்பத் தலைவன்ங்கிற முறையில முடிவு எடுத்துட்டேன். பணம் மொத்தமும் இண்டெக்ஸ் ஃபண்டுலதான்!"

"உங்க முடிவுக்கு நான் என்னைக்குங்க குறுக்க நின்னேன்?" மனைவி பக்கத்தைப் புரட்டினாள். "போன மாசமே போட்டாச்சு."